மண் கிளறிய காகமும் கூடிழந்த பறவையும்

நம்மவர்களின் கவிதைத் தொகுதிகள் சிலவற்றை அண்மையில் தொடர்ச்சியாக வாசிக்க நேர்ந்தது. கிழக்கிலிருந்து வந்தவை, தெற்கிலிருந்து வந்தவை, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த காலத்தைப் பேசுபவை என்று பல வகை. வாசித்து முடித்தபோது ஒரு விடயம் உறுத்தியது. பறவை இல்லாத தொகுதி ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஆனால் அது என்ன பறவை என்று கேட்டால் எந்தத் தொகுதியிலும் பதில் இல்லை.

கூடிழந்த பறவை, சிறகொடிந்த பறவை, கூண்டுப் பறவை, திசை தெரியாத பறவை. இவற்றோடு வெள்ளைப் புறா ஒன்று. இந்தப் பறவைகளுக்கு இனமில்லை, நிறமில்லை, குரலில்லை. இவை எதைத் தின்கின்றன, எங்கே உறங்குகின்றன என்ற தகவலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றுக்கு எதுவும் தெரியாது. துன்பப்பட மட்டும் தெரியும்.

இதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கவிஞன் பறவையியல் பாடம் நடத்த வரவில்லையே என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பின்னால் வருகிறேன். என்னுடைய வாதம் இதுதான்: பறவையை ஒன்றும் அறியாத ஜீவன் என்று எண்ணிக்கொண்டு எழுதுவதனால் நமது படிமங்கள் மெலிந்து போகின்றன. அந்தப் படிமங்களில் ஏற்றப்படும் நமது சொந்தத் துயரமும் கூடவே மெலிந்து போகிறது.

*

நான் இருப்பது கந்தளாயில். குளம், வாய்க்கால், வயல், ஒரு காலத்தில் கரும்பு விளைந்த நிலங்கள். பறவையைத் தேடிப் போக வேண்டிய ஊரல்ல இது. குளக்கட்டில் நின்றால் நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்கி மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு தனியாக முக்குளித்தால் மீன் நழுவிவிடும். கூட்டமாக முன்னேறும்போது மீன்கள் ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்கின்றன. கரையில் வலை போடும் மீனவர் செய்வதும் ஏறத்தாழ அதுவேதான்.

வாய்க்கால் ஓரத்து மரங்களில் தூக்கணாங்குருவிகளின் கூடுகள் நீருக்கு மேலாகத் தொங்குகின்றன. ஆண் குருவி புல்லையும் நெல் தாளையும் நீளமாகக் கிழித்தெடுத்து, அலகினால் முடிச்சுப் போட்டுப் பின்னுகிறது. பாதி வேலை முடிந்த நிலையில் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். ஆண் குருவி அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடங்கும். ஒரு கூடு முடிய இரண்டரை வாரம் அளவில் ஆகும். இளம் ஆண் குருவிகள் கட்டும் கூடுகள் கோணலும் மாணலுமாக இருக்கும். பழகப் பழகத்தான் கை, அதாவது அலகு, படிகிறது.

ஆனால் இந்தக் கூடு அந்தக் குருவியின் வீடல்ல. குஞ்சு பொரித்து, பறக்கப் பழகியதும் கூடு கைவிடப்படுகிறது. மற்றக் காலங்களில் தூக்கணாங்குருவிகள் நாணலிலும் கரும்பு போன்ற அடர்ந்த பயிர்களிலும் கூட்டமாக உறங்கும். பெரும்பாலான பறவைகளின் கதை இதுதான். கூடு என்பது தொட்டில். குழந்தை வளர்ந்ததும் தொட்டிலை யாரும் தேடுவதில்லை.

இப்போது நமது கவிதைக்குத் திரும்புவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மனிதனைக் ‘கூடிழந்த பறவை’ என்று எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? அவன் இழந்தது மூன்று வாரத்தில் மறுபடி கட்டிக்கொள்ளும் ஒன்றை அல்ல. உறுதியெழுதிய காணி, தலைமுறைகளாகத் தொழுத பள்ளி, உம்மா வாப்பா அடங்கிய மையவாடி, கடனுக்குச் சாமான் கொடுத்த கடை, அடுத்த வீட்டுத் தமிழ்க் கூட்டாளி என்று அந்த இழப்புக்கு விவரங்கள் உண்டு. அவ்வளவையும் கூடு என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கியதும் வாசகருக்கு இலேசான ஒரு பரிதாபம் உண்டாகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. இழப்பைப் பெரிதாக்குவதாக எண்ணி நாம் அதைச் சிறிதாக்கியிருக்கிறோம்.

பறவையிடமிருந்து படிமம் எடுக்கத்தான் வேண்டுமென்றால், எடுப்பதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. காக இனத்தைச் சேர்ந்த ஜே என்ற பறவை உணவை மண்ணில் புதைத்து வைத்துப் பின்னர் தோண்டித் தின்னும் பழக்கமுடையது. நிக்கோலா கிளேட்டன், அந்தனி டிக்கின்ஸன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998 இல் இப்பறவைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் புழுவையும் கெட்டுப்போகாத நிலக்கடலையையும் புதைக்கக் கொடுத்தார்கள். குறுகிய நேரத்தில் திரும்ப விட்டால் பறவைகள் புழு இருந்த இடத்தைத் தேடின. நாட்கள் கடந்து விட்டால் புழுவை விட்டுக் கடலை இருந்த இடத்தைத் தேடின. எதை, எங்கே, எப்போது புதைத்தோம் என்ற மூன்றையும் அவை சேர்த்து நினைவில் வைத்திருந்தன. அமெரிக்க மலைக்காடுகளில் வாழும் இன்னொரு காக இனப் பறவை ஒரே பருவத்தில் பல்லாயிரக்கணக்கான பைன் விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்துவிட்டு, மாதங்கள் கழித்துப் பனியின் கீழிருந்தும் தோண்டியெடுக்கிறது.

வெளியேற்றப்பட்ட ஒரு மூதாட்டி, முப்பது வருடம் கழித்தும் தனது வளவில் எந்த மூலையில் எந்த மரம் நின்றது என்று சொல்லுவாளே, அவளுக்குப் பொருந்தும் பறவை இது. ஞாபகத்தின் வலிமையைச் சொல்லும் பறவை. நாமோ, ஞாபகமே இல்லாத ஒரு பறவையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

*

கவிதையில் வரும் பறவை குறியீடுதானே என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். குறியீடு கூடாது என்பது என் கட்சியல்ல. குறியீடாகப் பறவையைக் கையாண்டவர்களில் பரீதுத்தீன் அத்தாரை மிஞ்சியவர் யார்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘மன்திகுத் தைர்’ முழுக்க முழுக்க ஆன்மிக உருவகம். ஹுத்ஹுத் வழிகாட்ட, பறவைகள் தம் அரசனைத் தேடிப் புறப்படுகின்றன. பயணத்துக்கு அஞ்சி ஒவ்வொரு பறவையும் ஒரு சாட்டுச் சொல்கிறது. புல்புலுக்கு ரோஜாவைப் பிரிய முடியாது. வாத்துக்குத் தண்ணீரை விட்டு வர இயலாது. அரசனின் மணிக்கட்டில் அமர்ந்து பழகிய வல்லூறுக்கு அதுவே போதும். கரையில் நிற்கும் நாரைக்குக் கடல் வற்றிவிடுமோ என்ற கவலை.

இந்தச் சாட்டுகள் எங்கிருந்து வந்தன? அந்தந்தப் பறவையின் நடப்பிலிருந்து வந்தன. குளத்தில் அவ்வளவு நீரிருந்தும் ஒரு மூலையில் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் நாரையைக் கந்தளாய்க்காரன் எவனும் பார்த்திருப்பான். அத்தாரும் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகு குறியீடாக்கியிருக்கிறார். நாம் பார்க்காமலே குறியீடாக்குகிறோம்.

வள்ளுவரும் அவ்வாறுதான். பகலில் காகம் ஆந்தையை வெல்லும் என்பதைக் காலமறிதலுக்கு உவமையாக்கினார். கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூப்பிடும் காகத்தைச் சுற்றந்தழாலில் வைத்தார். இரண்டும் முற்றத்தில் நின்று பார்த்த காட்சிகள்.

அறபு மரபில் இந்தப் பார்வை இன்னும் விரிவாக இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றி எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’ பல பாகங்களைக் கொண்டது. கவிதையும் நகைச்சுவையும் தர்க்கமும் அவதானமும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் அதே பஸ்றாவில் இயங்கிய இஹ்வானுஸ் ஸபா குழுவினர், விலங்குகளும் பறவைகளும் மனிதர் மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு நெடுங்கதை எழுதினார்கள். மனிதன் தன் மேன்மைக்கு ஆதாரம் காட்டக் காட்ட, விலங்குகள் ஒவ்வொன்றாக மறுத்துரைக்கின்றன. நமது இலக்கிய வட்டங்களில் இவற்றைப் பெருமைக்காகப் பெயர் சொல்லுவோம். வாசித்து, அதிலிருந்து ஒரு பார்வையைப் பெற்று எழுதியவர் எத்தனை பேர்?

*

இன்னொரு மரபும் உண்டு. அது நீதிக்கதை மரபு. பஞ்சதந்திரம் பஹ்லவி மொழிக்குப் போய், அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பஃவின் கையில் ‘கலீலா வ திம்னா’வாக அறபுக்கு வந்தது. அதில் ஆந்தைகளும் காகங்களும் போரிடும் அத்தியாயம் புகழ்பெற்றது. சிறகு பிய்க்கப்பட்டுத் துரத்தப்பட்டவன் போல நடித்து ஒரு காகம் ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுகிறது. நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அவற்றின் குகைக்குத் தீவைக்க வழி செய்கிறது. அருமையான கதை. ஆனால் அதில் இருப்பது காகத்தின் அறிவு அல்ல. அரசவை மந்திரி ஒருவரின் அறிவு காகத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. சிறுவர் இலக்கியம் என்ற பெயரில் நம்மிடையே வெளிவரும் நூல்கள் பெரும்பாலும் இந்த உடுப்பையே திரும்பத் திரும்பத் தைக்கின்றன.

பாலர் வகுப்பில் நாம் எல்லோரும் படித்த தாகமெடுத்த காகத்தின் கதையையும் இந்த வகையில்தான் சேர்த்திருந்தோம். ஈசாப்பின் பெயரில் வழங்கும் அந்தக் கதையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் உண்மையாகவே சோதித்து 2009 இல் வெளியிட்டார்கள். ரூக் என்ற ஐரோப்பியக் காக இனத்தில் நான்கு பறவைகள். கண்ணாடிக் குழாயில் பாதி நீர், அதில் மிதக்கும் புழு, பக்கத்தில் கற்கள். நான்கும் கல்லைப் போட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. சிறிய கல்லைவிடப் பெரிய கல்லைத் தெரிவு செய்யவும் பழகின. 2014 இல் நியூ கலிடோனியத் தீவுக் காகங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அமிழும் பொருளையும் மிதக்கும் பொருளையும் அவை வேறுபடுத்தின. மணல் நிரம்பிய குழாயை விட்டு நீர்க் குழாயைத் தெரிந்தன. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இணைக்கப்பட்டிருந்த இரு குழாய்களின் சூட்சுமம் அவற்றுக்குப் பிடிபடவில்லை.

நமக்குப் படிப்பினை இந்தத் தோல்வியில்தான் இருக்கிறது. நீதிக்கதைக் காகம் ஒருபோதும் தோற்காது, ஏனென்றால் அது கதைசொல்லியின் கையிலிருக்கும் பொம்மை. உண்மைக் காகம் சிலவற்றில் வெல்லும், சிலவற்றில் தோற்கும். எதில் வெல்கிறது எதில் தோற்கிறது என்று பார்க்கும்போதுதான் அங்கே ஒரு தனி மனம் வேலை செய்வது நமக்குத் தெரிகிறது. குயிலின் முட்டையை அடைகாத்துக் குஞ்சை ஊட்டி வளர்க்கும் காகத்தை ஏமாளி என்று எழுதிக் குவித்திருக்கிறோம். அதே காக இனம் மனித முகத்தை வருடக்கணக்காக மறப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மார்ஸ்லஃப்பும் அவரது குழுவினரும் 2006 இல் ஒரு முகமூடியை அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தார்கள். அந்த முகமூடி பின்னர் எப்போது வெளியே வந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் கத்தின. அப்போது பிறந்தேயிராத காகங்களும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கத்தின. அந்நிய முட்டையை அடையாளம் காணாத பறவை அந்நிய முகத்தை இப்படி அடையாளம் காண்கிறது. அறிவு ஒற்றை அளவுகோலில் அடங்குவதில்லை.

விஞ்ஞானமும் இந்த விடயத்தில் நெடுங்காலம் தவறாகவே இருந்தது. அதற்கு ஒரு காரணம் சொற்கள் என்பது எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஜெர்மனியரான லுட்விக் எடிங்கர், பறவை மூளையின் பெரும்பகுதி வெறும் இயல்பூக்கத்துக்குரிய அடிப்பகுதி என்று கருதி, அதற்கேற்ற பெயர்களைச் சூட்டினார். அந்தப் பெயர்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் பறவைக்குச் சிந்திக்க உறுப்பே இல்லை என்று நம்பின. 2005 அளவில்தான் விஞ்ஞானிகள் கூடிப் பேசி அந்தப் பெயர்களை மாற்றினார்கள். 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, கிளிகளினதும் பாடும் பறவைகளினதும் மூளையில் அதே எடையுள்ள குரங்கின மூளையைவிட மிக அதிகமான நரம்புக்கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. காகமும் பாடும் பறவை வரிசையைச் சேர்ந்ததுதான். பிழையான ஒரு பெயர் நூறு வருடம் கண்ணை மறைத்தது. ‘கூடிழந்த பறவை’யும் அத்தகைய பெயர்தான்.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு ஆய்வுகள் என்று ஒதுக்கவும் முடியாது. நமது சிங்கராஜ வனத்தில் ஈபன் குட்டேலும் சரத் கொட்டகமவும் துடுப்புவால் கரிச்சானை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டவை உலகின் கவனத்தைப் பெற்றன. அந்த வனத்தில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடுகின்றன. கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலில் பேசவல்லது. ஆனால் கண்டபடி பேசுவதில்லை. ஆபத்து வரும்போது பிற இனங்களின் அபாயக் குரலையும் வேட்டைப் பறவையின் குரலையும் எடுக்கிறது. மற்ற நேரத்தில் அதே இனங்களின் சாதாரணக் குரலை எடுக்கிறது. அவ்வாறு எடுக்கும்போது அந்தப் பறவைகள் அதன் பக்கம் நெருங்கி வருகின்றன. பல மொழிகள் புழங்கும் இந்த நாட்டில், பக்கத்து வீட்டுக்காரனின் மொழியில் எச்சரிக்கவும் அழைக்கவும் தெரிந்த ஒரு பறவை இருக்கிறது. எழுபது வருடங்களாக மொழிப் பிரச்சினையைப் பற்றி எழுதிவரும் நமது கவிதைகளுக்குள் இந்தக் கரிச்சான் இன்னும் வந்து சேரவில்லை.

*

கடைசியாக, காகம். நமக்கும் காகத்துக்கும் உள்ள உறவு வேறு எவருக்கும் இல்லாதது. கிழக்கில் மூத்த சகோதரனைக் காக்கா என்கிறோம். அந்தச் சொல்லை வைத்தே நம்மைக் கேலி செய்தவர்களும் உண்டு. சிறுவயதில் பஸ்ஸில் காகம் போலக் கரைந்து காட்டியவர்களை எனக்கு ஞாபகமிருக்கிறது. அப்போது அவமானமாக இருந்தது. அந்த அவமானம் நமது எழுத்திலும் ஒளிந்திருக்கிறதோ என்று இப்போது சந்தேகிக்கிறேன். புறாவையும் கிளியையும் புல்புலையும் அழைத்துவரும் நமது கவிஞர்கள், முற்றத்தில் நிற்கும் காகத்தை இலகுவில் கவிதைக்குள் விடுவதில்லை.

ஆனால் குர்ஆனில் மனிதனுக்கு முதன்முதலாக ஒரு தொழிலைக் காட்டிக்கொடுத்தது காகம். ஐந்தாவது அத்தியாயமான அல்மாயிதாவில் ஆதமின் இரு மக்களின் கதை வருகிறது. ஹாபில், காபில் என்ற பெயர்கள் அங்கே இல்லை, அவை மரபு வழியாக வந்தவை. சகோதரனைக் கொன்றவனுக்கு அந்த உடலை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு காகம் அனுப்பப்படுகிறது. அது மண்ணைக் கிளறுகிறது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வழி தெரிகிறது, கூடவே கைசேதமும் வருகிறது.

இரண்டு காகங்கள் சண்டையிட்டு ஒன்று மற்றதைக் கொன்று புதைத்தது என்ற விவரிப்பு தப்ஸீர்களில் வருகிறது. ஸ்பெயின் நாட்டு இப்னு துபைல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ கதையிலும், தன்னை வளர்த்த மானைப் புதைக்க ஹய் கற்றுக்கொள்வது அத்தகைய இரு காகங்களிடமிருந்துதான். ஆனால் வசனத்தின் சொற்களில் செத்த காகம் இல்லை. மண்ணைக் கிளறும் ஒரு காகம் மட்டுமே இருக்கிறது. காகங்கள் இறந்த காகத்தைப் புதைப்பதில்லை என்பதையும், உணவைப் புதைத்து மூடும் வழக்கம் அவற்றுக்கு உண்டு என்பதையும் இன்று நாம் அறிவோம். இறந்த காகத்தைச் சுற்றி அவை கூடிக் கரைவதைக் கந்தளாய் பஸ் நிலையத்தருகே மின்கம்பியின் கீழ் நானே பலமுறை கண்டிருக்கிறேன். 2015 இல் கேலி ஸ்விஃப்ட், மார்ஸ்லஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் கூட்டம் ஆபத்து எங்கே, யாரால் வந்தது என்பதைக் கற்கும் வகுப்பும் ஆகும். செத்த காகத்தைக் கையில் வைத்திருந்த முகத்தை அவை பல வாரங்கள் மறக்கவில்லை.

ஆகவே வசனத்தை ஒரு பிரதியாக நெருங்கி வாசிக்கும்போது எனக்குத் தெரிவது இது: காகம் தான் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அதைப் பார்த்துத் தன் பிரச்சினைக்குத் தீர்வு காண்பவன் மனிதன். அவன் தன்னைக் காகத்தோடு வைத்து அளந்து, தான் குறைந்து நிற்பதை ஒப்புக்கொள்கிறான். பார்க்கத் தெரிந்ததுதான் அவனுடைய முதல் அறிவு.

இந்தக் கதை நமக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, சேற்றில் உடல்களைத் தேடி அடக்கம் செய்த ஊர் இது. போர்க்காலத்தில் கபுறு கிடைக்காமல் போனவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். 2020 இல் கொவிட் தொற்றினால் மரணித்தவர்களை எரிக்க வேண்டும் என்ற அரச விதி வந்தபோது, நமது ஜனாஸாக்களுக்கு ஆறடி மண் மறுக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின.

அந்த மாதங்களில் எழுதப்பட்டவற்றுள் நான் வாசித்த சிலவற்றில் இந்தக் காகம் வந்திருந்தது. வரவேண்டிய இடத்தில்தான் வந்தது. ஆனால் எப்படி வந்தது? காகத்துக்குக்கூடத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையே என்ற வசையாக வந்தது. கோபம் நியாயமானது. அந்தக் ‘கூட’ என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. ஆசானாக அனுப்பப்பட்ட ஒரு ஜீவனை இழிந்த அளவுகோலாக்குகிறது அது. பஸ்ஸில் நம்மைப் பார்த்துக் கரைந்தவன் எந்தச் சொல்லை வைத்திருந்தானோ அதையே நாமும் கையிலெடுத்திருக்கிறோம். அறிவில்லாதது என்று ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, நமக்குப் பிடிக்காதவனை அதற்கும் கீழே வைப்பதுதான் அந்த வசையின் இலக்கணம். நம்மை இழிவுபடுத்தியவர்களும் அந்த இலக்கணத்தையே பாவித்தார்கள். எரிக்கப்பட்ட ஒரு ஜனாஸாவுக்காக எழுதும் கவிதை, அதே இலக்கணத்தில் எழுதப்படலாமா?

கவிஞர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ‘பறவை’ என்று எழுதியவுடன் பேனாவை நிறுத்தி, எந்தப் பறவை என்று தம்மைத் தாமே கேட்கட்டும். அதற்கு என்ன தெரியும் என்றும் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் முற்றத்துக்குப் போகட்டும். விமர்சகர்களுக்கும் இது பொருந்தும். படிமச் சிறப்பு என்று ஒரு வரியில் புகழ்ந்துவிட்டுப் போகாமல், அந்தப் படிமத்துக்குள் உயிருள்ள ஏதேனும் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கிணற்றடியில் ஒரு காகம் வந்து நின்றது. காலையில் எறிந்த காய்ந்த ரொட்டித் துண்டு அலகில் இருந்தது. கொத்திப் பார்த்தது, உடையவில்லை. துணி ஊறப்போட்டிருந்த வாளியை எட்டிப் பார்த்தது, அதைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த வுழூச் செய்யும் நீர்ப் பாத்திரத்தில் ரொட்டியை நனைத்து, சற்றுப் பொறுத்து, எடுத்துத் தின்றது. பிறகு தலையைச் சரித்து என்னை ஒரு முறை பார்த்தது. என் முகத்தை அது எத்தனை வருடமாக அறியும் என்று எனக்குத் தெரியாது. அதன் முகத்தை நான் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.